885 வீடுகளின் கணக்கு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனிலிருந்து சுமார் 12 மைல் (19 கிலோமீட்டர்) வடகிழக்கே கிரீன்பெல்ட் என்ற ஊர் இருக்கிறது. புகையிலை பயிரிட்டுப் பயிரிட்டுச் சத்து வற்றிய நிலத்தில் மத்திய அரசே முன்னின்று கட்டிய ஊர். 1937 செப்டம்பர் 30 அன்று முதல் குடும்பங்கள் குடியேறியபோது ஊரின் நிலப்பரப்பு 3,371 ஏக்கர், வீடுகள் 885. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 3.8 ஏக்கர், அதாவது 380 சென்ட்.

இந்தச் சராசரியை நம்பி அங்கே தோப்பும் துரவுமாகத் தனி வீடுகளைத் தேடினால் கிடைக்காது. 885இல் 574 வரிசை வீடுகள், 306 அடுக்கக வீடுகள், 5 மட்டுமே தனி வீடுகள். ஆக 880 வீடுகள், 99.4 சதவீதம், அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டன. வீடுகளை நெருக்கிவைத்து நிலத்தைப் பொதுவில் விடுவதுதான் திட்டத்தின் அடிப்படை. மிஞ்சிய இடத்தில் காடு, தோட்டத் துண்டுகள், 23 ஏக்கரில் வெட்டப்பட்ட ஒரு ஏரி.

இந்த யோசனையின் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. எபனேசர் ஹோவர்ட் 1898இல் வெளியிட்ட நூலில் தோட்ட நகரத்துக்கு 6,000 ஏக்கர் ஒதுக்கினார். அதில் நகரம் 1,000 ஏக்கர், சுற்றிலும் விவசாய நிலம் 5,000 ஏக்கர், மக்கள் 32,000. கட்டடப் பகுதியின் பங்கு 16.7 சதவீதம். கிரீன்பெல்ட்டில் பிற்காலத்தில் குடியிருப்புக்கென்று அளந்து கொடுக்கப்பட்டது 240 ஏக்கர். 3,371இல் இது 7.1 சதவீதம். ஆக, பசுமையின் பங்கில் ஹோவர்டின் காகிதத் திட்டத்தைவிட மேரிலாந்தில் தரையில் எழுந்தது தாராளமானது. மக்கள்தொகையில் நிலைமை நேர்மாறு. 1940 கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் 2,831 பேர், ஹோவர்டின் 32,000இல் 9 சதவீதம்கூட இல்லை.

1935இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் அமைந்த மறுகுடியேற்ற நிர்வாகத்தின் தலைவர் ரெக்ஸ்ஃபர்ட் டக்வெல் இப்படிப்பட்ட 25 ஊர்களைக் கேட்டார். கட்டி முடிந்தவை 3: மேரிலாந்தில் கிரீன்பெல்ட், ஒஹையோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல். நியூ ஜெர்சியில் தொடங்க இருந்த கிரீன்புரூக்கை 1936 மே மாதத்தில் நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்தியது. கேட்டதில் கிடைத்தது 12 சதவீதம்.

மூன்று ஊர்களுக்கும் சேர்த்து அரசு செலவிட்டது சுமார் 3 கோடியே 62 லட்சம் டாலர். கிரீன்பெல்ட்டுக்கு 1 கோடியே 37 லட்சம், கிரீன்ஹில்ஸுக்கு 1 கோடியே 19 லட்சம், கிரீன்டேலுக்கு 1 கோடியே 6 லட்சம். வீடுகள் முறையே 885, 676, 572, மொத்தம் 2,133. ஒரு வீட்டுக்கு விழுந்த செலவு கிரீன்பெல்ட்டில் சுமார் 15,500 டாலர், கிரீன்ஹில்ஸில் 17,500, கிரீன்டேலில் 18,600. மூன்றில் மலிவானது கிரீன்பெல்ட். அந்த மலிவான ஊரைத்தான் பத்திரிகைகளும் காங்கிரஸ் உறுப்பினர்களும் ஊதாரித்தனம் என்று அதிகம் சாடினார்கள். தலைநகருக்கு 12 மைலில் இருந்ததன் பலன் அது என்று சொல்லலாம்.

15,500 டாலரை வெறும் வீட்டின் விலையாகப் படிக்கக் கூடாது. நிலம், சாலை, குடிநீர், கழிவுநீர் நிலையம், பள்ளி, கடைவீதி, ஏரி எல்லாம் அதில் அடக்கம். அதைவிட முக்கியம், வீடு கட்டுவது இத்திட்டத்தின் முதல் நோக்கமே அல்ல. நிவாரணப் பட்டியலில் இருந்தவர்களுக்கு வேலை கொடுப்பது முதல் நோக்கம், முன்மாதிரி ஊர் ஒன்றைக் காட்டுவது இரண்டாவது, குறைந்த வாடகை மூன்றாவது. இயந்திரம் செய்யக்கூடிய வேலையை ஆள் செய்தால் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவு கூலியாகத் தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போனது. கணக்கேட்டில் கட்டுமானச் செலவாக ஏறியது. எவ்வளவு நிவாரணம், எவ்வளவு செங்கல் என்று பிரிக்காமல் 15,500ஐ வைத்து வாதாடியவர்கள், சாடியவர்களானாலும் ஆதரித்தவர்களானாலும், பாதிக் கணக்கைத்தான் பேசினார்கள்.

வாடகை மாதம் 18 டாலரில் தொடங்கி 41 டாலர் வரை சென்றது; சராசரி 31.23 டாலர். 885 வீடுகளும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருந்தால் வரவு 3,31,663 டாலர். 1 கோடியே 37 லட்சம் முதலீட்டில் இது 2.4 சதவீதம். பராமரிப்பு, அலுவலகச் செலவு எதையும் கழிக்காத கணக்கு இது. வட்டியே வேண்டாம், போட்ட பணம் மட்டும் திரும்பினால் போதும் என்றாலும் 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

முதலீட்டுக்கு 4 சதவீதம் எதிர்பார்த்திருந்தால் வாடகை என்னவாகியிருக்கும்? 15,482 டாலருக்கு ஆண்டுக்கு 619 டாலர், மாதத்துக்கு 51.60. முதலில் குடிவந்த குடும்பங்களின் சராசரி ஆண்டு வருமானம் 1,560 டாலர், வாரத்துக்குச் சரியாக 30. ஆகவே 31.23 டாலர் வாடகை என்பது ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம், வருமானத்தில் 24 சதவீதம். 51.60 டாலர் என்றால் 40 சதவீதம். இரண்டுக்கும் இடையிலான 20.37 டாலரை அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் மாதந்தோறும் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாம். 885 வீடுகளுக்கு ஆண்டுக்கு 2,16,000 டாலர் அளவு. திட்டத்தின் மூன்றாவது நோக்கத்துக்கு அரசு கொடுத்த விலை இது.

அந்தச் சலுகைக்கு விண்ணப்பித்த குடும்பங்கள் சுமார் 5,700. வீட்டுக்கு 6.4 விண்ணப்பம், நூறில் 84 பேருக்கு இடமில்லை. வருமானம் ஆண்டுக்கு 800 டாலருக்குக் குறையக் கூடாது, 2,200ஐத் தாண்டவும் கூடாது. குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப உச்சவரம்பு மாறியது. பரம ஏழைக்கும் வசதிக்காரருக்கும் கதவு இல்லை. கணவருக்கு வேலை இருந்தால் மனைவி வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்ற விதியும் தொடக்கத்தில் இருந்தது. இரண்டு சம்பளம் வந்தால் உச்சவரம்பு உடைந்துவிடும்.

சமயத்திலும் கணக்குப் பார்த்தே குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சீர்திருத்தக் கிறிஸ்தவர் 63 சதவீதம், கத்தோலிக்கர் 30, யூதர் 7. வாஷிங்டன் வட்டாரத்தின் விகிதத்தை ஊருக்குள் பிரதிபலிக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தேர்வாளர்களின் இந்த நுணுக்கம் ஒரு பத்தியில் மட்டும் நின்றுவிட்டது: கறுப்பினக் குடும்பங்கள், 0. ஊரைக் கட்டிய தொழிலாளர்களில் கறுப்பினத்தவர் இருந்தார்கள். 885 வீடுகளில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்காக ராஸ்வில் என்ற பெயரில் தனியே ஒரு குடியிருப்பு அமைக்கும் பேச்சு எழுந்தது, பிறகு கைவிடப்பட்டது. வட்டார விகிதமே அளவுகோல் என்றால் அந்த 0 அளவுகோலுக்குப் பொருந்தாது. 63, 30, 7 கூட்டினால் 100 வருகிறது. கூட்டல் சரி, எதன் நூறு என்பதுதான் கேள்வி.

உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதியர், அரசு அலுவலகங்களில் கீழ்நிலை, இடைநிலை ஊழியர்கள். கட்டுப்பாடுகள் கொஞ்சமல்ல: நாய் வளர்க்கத் தடை, காயப்போட்ட துணியைப் பிற்பகல் 4 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். ஊருக்குப் பழகிய பெரியவர்கள் என்று எவரும் இல்லாத இடம். எல்லாரும் ஒரே ஆண்டில் வந்தவர்கள், ஏறத்தாழ ஒரே வருமானம் உள்ளவர்கள், காலையில் ஒரே திசையில் வேலைக்குப் போகிறவர்கள். அடுத்து வரும் எண்களுக்கு இந்த ஒற்றுமை பாதிக் காரணமாவது இருக்கும்.

குடியேற்றம் தொடங்கி 8 வாரங்களுக்குள், 1937 நவம்பர் 24 அன்று, ஊரின் வாரப் பத்திரிகையான ‘கோஆப்பரேட்டர்’ வெளிவந்துவிட்டது. ஆசிரியர் குழு முழுவதும் தன்னார்வலர்கள். டிசம்பரில் கடன் சங்கம். 1938இல் திரையரங்கு, 1939இல் நீச்சல் குளம். மாலையானால் ஏதாவதொரு சங்கத்தின் கூட்டம். வீட்டில் ஆள் தங்குவதில்லை என்று முறையீடு எழுந்து, ஆண்டிறுதியில் சில நாட்களுக்குக் கூட்டங்களுக்கே விடுமுறை அறிவிக்கும்படி ஆயிற்று. 2,831 பேர் வாழ்ந்த ஊரில் இது நடந்தது.

கடைவீதியின் கணக்கு இன்னும் தெளிவானது. மளிகை, மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம், முடிதிருத்தகம், திரையரங்கு ஆகியவற்றை நடத்த அமைந்த நுகர்வோர் நிறுவனத்துக்குப் பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் நிறுவிய அமைப்பு 50,000 டாலர் கடன் கொடுத்தது. குடும்பம் ஒன்றுக்கு 56.50 டாலர், ஏறத்தாழ இரண்டு வாரச் சம்பளம். ஒரு பங்கின் விலை 10 டாலர், வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று. பங்குகளை வாங்கிச் சேர்த்து, 1940 ஜனவரியில் ஊர்க்காரர்கள் நிறுவனத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடையைத் திறந்து சுமார் இரண்டு ஆண்டு. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு ஊரில் முதலில் சொந்தமானது மளிகைக் கடைதான். வீடு சொந்தமாக மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

இடையில் போர் வந்தது. பாதுகாப்புத் துறை ஊழியர்களுக்காக 1941, 1942 ஆண்டுகளில் 1,000 மரச்சட்ட வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் 885இலிருந்து 1,885 ஆயின, உயர்வு 113 சதவீதம். மக்கள் 1940இல் 2,831, 1950இல் 7,074, உயர்வு 150 சதவீதம். வீட்டுக்கு 3.2 பேர் என்றிருந்தது 3.8 ஆயிற்று. புதிய வீடுகள் பழையவற்றைப் போலச் செங்கல்லாலோ கான்கிரீட் கட்டையாலோ ஆனவை அல்ல, அவசரத்தில் எழுப்பியவை. அப்படியிருந்தும் அவை இன்றும் நிற்கின்றன, ஊரின் பழைய பகுதியில் பெரும்பான்மை வீடுகள் அவைதாம்.

போர் முடிந்ததும் அரசு வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட விரும்பியது. 1949இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் மூன்று ஊர்களையும் ஏலமின்றிப் பேசி விற்க அனுமதித்தது. போர் வீரர்களின் சங்கங்களுக்கும் குடியிருந்தவர்களுக்கும் முன்னுரிமை. கிரீன்பெல்ட்டில் குடியிருந்தோர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைத்து, 1952 இறுதியில் 1,580 வீடுகளையும் 240 ஏக்கரையும் 62,85,450 டாலருக்கு வாங்கினார்கள். வரிசை வீடுகள் 574, தனி வீடுகள் 5, போர்க்கால வீடுகள் 1,000, கூட்டினால் 1,579, விற்ற எண்ணிக்கைக்கு ஒன்று மட்டும் குறைவு. அடுக்ககங்கள் இந்த விற்பனையில் சேரவில்லை.

வீடு ஒன்றின் விலை 3,978 டாலர். இதைப் பழைய 15,500 டாலரோடு நேரே ஒப்பிட்டு நான்கில் ஒரு பங்குக்கு விற்றார்கள் என்று சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. விற்றதில் 63 சதவீதம் மலிவான மரச்சட்ட வீடுகள்; பள்ளி, ஏரி, சாலை ஆகியவை இந்த விலையில் இல்லை. வாங்கியவர் பக்கமிருந்து பார்ப்பது பயன் தரும். விலையில் 10 சதவீதம் முன்பணம், அதாவது வீட்டுக்கு 398 டாலர். மீதியை 4 சதவீத வட்டியில் 25 ஆண்டுகளில் அடைப்பதாகக் கணக்கிட்டால் மாதத் தவணை 18.90 டாலர். 1937இன் சராசரி வாடகை 31.23. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசிக் குறியீடு 14.4இலிருந்து 26.5 ஆக, 84 சதவீதம், ஏறியிருந்தது, 18.90 டாலருக்கு 1937இன் மதிப்பு 10.30. வரியும் பழுதுபார்ப்பும் இனி சங்கத்தின் பொறுப்பு என்பதால் உண்மைச் செலவு கூடுதல். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிய தவணை அது.

விற்றவர் பக்கம்: மூன்று ஊர்களையும் விற்று அரசுக்கு வந்தது சுமார் 1 கோடியே 95 லட்சம் டாலர், செலவிட்ட 3 கோடியே 62 லட்சத்தில் 54 சதவீதம். இதிலும் இரண்டு திருத்தம் வேண்டும். விற்ற கணக்கில் போர்க்கால வீடுகள் உண்டு, செலவுக் கணக்கில் அவை இல்லை. ஆகவே 54 என்பது சற்று மிகை. அடுத்து, 1952இன் டாலரை 1937இன் டாலராக மாற்றினால் 1 கோடியே 95 லட்சம் 1 கோடியே 6 லட்சமாகச் சுருங்கும், விகிதம் 29 சதவீதத்துக்கு இறங்கும். மூன்று டாலர் போட்டு ஒரு டாலரைக்கூட அரசு முழுமையாகத் திரும்பப் பெறவில்லை.

தனியார் செய்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே காலத்தில் ஒரு சான்று உண்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன், 1951க்குள் 17,447 வீடுகளைக் கட்டியது. 1949இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். 1937இன் மதிப்பில் சுமார் 4,830. கிரீன்பெல்ட்டின் 15,500 இதைப்போல் 3.2 மடங்கு. மனையின் அளவு 60க்கு 100 அடி, 6,000 சதுர அடி: இரண்டரை கிரவுண்ட், சென்ட் கணக்கில் 13.8. கிரீன்பெல்ட் கூட்டுறவில் 240 ஏக்கரை 1,580ஆல் வகுத்தால் 15.2 சென்ட், இரண்டே முக்கால் கிரவுண்ட். வீட்டுக்கு வரும் நிலம் ஏறத்தாழ ஒன்றுதான். லெவிட்டவுனில் அந்த நிலம் வீட்டைச் சுற்றிய புல்தரையாயிற்று. கிரீன்பெல்ட்டில் நடைபாதையும் விளையாட்டுத் திடலும் தோப்புமாயிற்று. இன்னொரு பத்தியிலும் இரண்டும் ஒன்று: லெவிட்டவுனும் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு தரவில்லை.

ஊருக்குப் பெயர் கொடுத்த பசுமை வளையம் என்ன ஆயிற்று என்பது அடுத்த கணக்கு. 1950இல் சுமார் 1,100 ஏக்கர் தேசியப் பூங்காத் துறைக்குப் போனது; அது கிரீன்பெல்ட் பூங்கா என்ற பெயரில் காடாகவே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் 240 ஏக்கருடன் கட்டடமில்லாத 708 ஏக்கரையும் சுமார் 6,70,000 டாலருக்கு வாங்கியது. ஏக்கர் 946 டாலர், சென்ட் 9.46 டாலர். இம்மூன்றையும் கூட்டினால் 2,048 ஏக்கர், பழைய பரப்பில் 61 சதவீதம். மீதி 39 சதவீதம் அண்டையிலிருந்த பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையம், சாலைகள், தனியார் எனப் பிரிந்தது.

அந்த 708 ஏக்கரைச் சங்கத்தால் வைத்துக்கொள்ள முடியவில்லை. தவணை கட்டும் நெருக்கடியில் 1950களின் நடுவிலேயே நிலம் கைமாறத் தொடங்கியது. சென்ட் 9.46 டாலருக்கு வாங்கிய நிலத்தை வைத்திருந்தால் வளையத்தின் ஐந்தில் ஒரு பங்காவது ஊர்க்காரர் கையில் இருந்திருக்கும். 1,580 குடும்பங்களுக்கு அதன் விலை தலா 424 டாலர், ஏறத்தாழ வீட்டின் முன்பணத்தளவு. இன்றைய கண்ணுக்குச் சிறிய தொகை. வீட்டுக்கே கடன் வாங்கியவருக்குச் சிறியதல்ல. இந்த ஊரின் கணக்கில் ஒரே ஒரு முடிவைத் திருத்தலாம் என்றால் நான் இதைத் திருத்துவேன்.

மாற்றத்தின் வேகம் மக்கள்தொகையில் தெரிகிறது. 1950இல் 7,074, 1960இல் 7,479. பத்து ஆண்டில் கூடியவர்கள் 405 பேர், 5.7 சதவீதம். 1970இல் 18,199, அதாவது 10,720 பேர் கூடுதல், 143 சதவீதம். இந்த இரு பத்தாண்டுகளில் வந்தவை சாலைகள்: 1954இல் பால்டிமோர்–வாஷிங்டன் பெருஞ்சாலை, 1964இல் தலைநகரைச் சுற்றும் வட்டச்சாலை. 1959இல் விண்வெளி ஆய்வுக்கான காடார்ட் மையமும் பக்கத்திலேயே அமைந்தது. 1960களில் ஊரின் மேற்கே எழுந்த ஒரே அடுக்ககத் தொகுதியில் மட்டும் 2,800க்கும் மேற்பட்ட வீடுகள். அரசு கட்டிய எல்லா வீடுகளையும் போல் ஒன்றரை மடங்கு. சாலைகள் ஊரை மூன்று துண்டாக வெட்டின. வாகனப் பாதையைக் கடக்காமல் குழந்தைகள் பள்ளிக்குப் போகச் சுரங்க நடைபாதை கட்டிய ஊரில், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கார் தேவைப்பட்டது. மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 1993 டிசம்பரில், முதல் குடும்பம் வந்து 56 ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த நிலப்போட்டியின் நடுவில் ஊர்ப் பத்திரிகை மாட்டிக்கொண்டது. சார்லஸ் பிரெஸ்லர் என்ற நில மேம்பாட்டாளர் தம் நிலமொன்றில் நெருக்கமான குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டார். அதே வேளையில் அவருடைய மற்றொரு நிலத்தை உயர்நிலைப் பள்ளிக்காக வாங்க ஊர் விரும்பியது. 1965இல் நடந்த நகர மன்றக் கூட்டங்களில் இந்தப் பேரத்தை மிரட்டல் என்று சிலர் சாடினார்கள், ‘நியூஸ் ரெவ்யூ’ என்று பெயர் மாறியிருந்த பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. அவதூறு வழக்கில் ஜூரி விதித்தது 17,500 டாலர்: இழப்பீடு 5,000, தண்டம் 12,500. 1952இன் விலையில் நான்கு வீடுகளுக்கும் மேல். தன்னார்வலர்கள் நடத்திய, வீடுதோறும் இலவசமாகப் போடப்பட்ட பத்திரிகைக்கு அது மூடுவிழாத் தொகை. ஊர்க்காரர்கள் வழக்குக்குப் பணம் திரட்டினார்கள். 1970 மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பொதுக்கூட்டத்தில் பேசியதை உள்ளபடி வெளியிடுவது பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

நுகர்வோர் நிறுவனத்தின் கதை எதிர்த்திசையில் போனது. 50,000 டாலர் கடனில் தொடங்கிய அது பல அங்காடிகளும் அறைகலன் கடைகளும் கொண்ட சங்கிலியாக வளர்ந்தது. வளர்ந்தபின் பிறந்த ஊரின் மளிகைக் கடை அதற்குச் சுமையாயிற்று. 1984இல் அது விலகியபோது ஊர்க்காரர்கள் புதிதாக ஒரு கூட்டுறவை அமைத்துக் கடையை வாங்கினார்கள். அதே கட்டடம், அதே சரக்கு, 44 ஆண்டு இடைவெளியில் இரண்டாவது கையகப்படுத்தல்.

2020இல் ஊரின் மக்கள்தொகை 24,921, 1940இல் இருந்ததைப்போல் 8.8 மடங்கு. கூட்டுறவின் கையில் இன்றிருக்கும் வீடுகள் சுமார் 1,600. வீட்டுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 3,200 பேர், மொத்தத்தில் 13 சதவீதம். 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது இந்த 13 சதவீதத்தவர் வாழும் பழைய ஊர்தான். வெளியூரார் கிரீன்பெல்ட் என்று படம் எடுப்பதும் இதைத்தான்.

மக்களின் அமைப்பு முற்றிலும் புரண்டுவிட்டது. 1937இல் 0 என்றிருந்த கறுப்பினத்தவர் பங்கு 2000இல் 41 சதவீதம், 2010இல் 48. வெள்ளையர் பங்கு அதே பத்தாண்டில் 40இலிருந்து 30க்கு இறங்கியது. ஆசியர் 2010இல் ஏறத்தாழ 10 சதவீதம். கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் வந்தது வாடகை அடுக்ககங்கள் வழியாக. 398 டாலர் முன்பணத்தில் வீட்டுக்கு உடைமையாளரான 1952ஆம் ஆண்டுக்காரர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அவர்கள் வந்தபோது விற்பனையில் இல்லை.

2021 நவம்பர் 2 அன்று நடந்த நகரத் தேர்தலில் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இருந்தது: கறுப்பின, பூர்வகுடி மக்களுக்கு உள்ளூர் அளவில் இழப்பீடு தருவது பற்றி ஆராய்ந்து பரிந்துரைக்க 21 பேர் குழு ஒன்றை நகர மன்றம் அமைக்கலாமா? ஆதரவு 1,522, எதிர்ப்பு 910. பதிவான 2,432 வாக்குகளில் ஆதரவு 62.6 சதவீதம், மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இக்கேள்விக்கு வாக்களித்தவர்கள் பத்தில் ஒருவர். எவ்வளவு தொகை, யாருக்கு, எந்த நிதியிலிருந்து என்ற மூன்றும் கேள்வியில் இல்லை. அவை அந்த 21 பேரிடம் விடப்பட்டன.